மச்சானுக்கு வந்த ரோசம்

பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு கனவான் தாராளமாகப் பொய் சொல்லலாம். கடனை ஏமாற்றலாம், அடுத்தவன் ஊரைக் கொளுத்தலாம். ஆனால் எவனாவது முகத்துக்கு நேரே "நீ பொய்யன்" என்று சொல்லிவிட்டால் போச்சு, வாளை உருவியே ஆகவேண்டும். நேராகச் சொன்னானா, 'நீ அப்படிச் சொல்லியிருந்தால் பொய்யன்' என்று இழுத்துச் சொன்னானா என்றெல்லாம் ரகம் பிரித்து, வின்சென்ஷியோ சவியோலோ என்ற இத்தாலிய வாள் வாத்தியார் 1595இல் லண்டனில் புத்தகமே போட்டார்.

இந்த ரோசத்துக்குத் திலகம் பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா. 1525இல் பாவியா போரில் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸின் படையிடம் வசமாகச் சிக்கி, மாட்ரிட்டில் கம்பி எண்ணினார். பர்கண்டியைக் கொடுத்தால் விடுதலை என்றார் சார்லஸ். பிரான்சுவா 1526 ஜனவரி 14 அன்று வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தார். சொன்னபடி நடக்காவிட்டால் சிறைக்கே திரும்புவதாக வீரனின் வாக்கும் கொடுத்தார். சார்லஸின் அக்கா எலியனோரோடு கல்யாணமும் பேசி முடித்தார்கள். ஆக, மச்சான்.

இதில் ஒரு சங்கதி. முந்தின நாளே மச்சான் நோட்டரியைக் கூப்பிட்டு, கட்டாயத்தில் போடும் கையெழுத்து செல்லாது என்று ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். சத்தியத்துக்கே முன்ஜாமீன் வாங்கிய மகராசன்!

மார்ச்சில் பிடாசோவா ஆற்றின் நடுவே கைமாற்றம். அப்பா இந்தப் பக்கம் கரையேற, பிணையாக எட்டு வயதுப் பையனும் ஏழுகூட நிறையாத தம்பியும் அந்தப் பக்கம் போனார்கள். ஊர் சேர்ந்ததும் பர்கண்டியாவது ஒன்றாவது என்று கையை விரித்துவிட்டார் பிரான்சுவா.

சார்லஸ் சும்மா இருப்பாரா? வாக்குத் தவறிய கயவன் என்று பிரெஞ்சுத் தூதனிடமே சொல்லி அனுப்பினார். அத்தனையும் அப்பட்டமான உண்மை. பிரான்சுவாவுக்கு வந்ததே கோபம்! 1528 மார்ச்சில் பதில் ஓலை போனது: அப்படிச் சொன்னால் நீர் தொண்டையாலே பொய் சொன்னீர், களத்தைக் குறியும், ஆயுதத்தோடு வருகிறேன்.

சார்லஸ் களம் குறித்தார். எங்கே? அதே பிடாசோவா ஆற்றில். குசும்பு! பதிலோடு கிளம்பிய தூதன் எல்லையில் அனுமதிச் சீட்டுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்து, செப்டம்பரில் பாரிஸ் வந்து சேர்ந்தான். சபை கூட்டி, சிம்மாசனத்தில் உட்கார்ந்த பிரான்சுவா அவனை வாயே திறக்கவிடவில்லை. களம் குறித்த ஓலையை முதலில் நீட்டு, வேறு பேச்சு வேண்டாம் என்று அதட்டினார். என் கடமைப்படி வாசித்துவிட்டுத்தான் தருவேன் என்றான் அவன். முடியாது என்றார் ராஜா. வந்த வழியே திரும்பினான் தூதன். சண்டையும் அத்தோடு சரி. வாள் உறையை விட்டு வெளியே வரவேயில்லை.

கடைசியில் பஞ்சாயத்து பேசி முடித்தவர்கள் இரண்டு பெண்கள்: பிரான்சுவாவின் அம்மா லூயிஸ், சார்லஸின் அத்தை மார்கரெட். 1529இல் காம்ப்ரே ஒப்பந்தம். பையன்களை மீட்க 20 லட்சம் பொற்காசு. மச்சானை நன்றாகவே தெரிந்து வைத்திருந்த ஸ்பானியர்கள் காசை எண்ணி, உரசிப் பார்க்கவே நாலு மாதம் எடுத்துக்கொண்டார்கள். தரம் குறைவு என்று 40,000 காசைத் திருப்பித் தள்ளினார்கள். இதற்கு மட்டும் பிரான்சுவா யாரையும் சண்டைக்குக் கூப்பிடவில்லை.