முக்கோண மலையர் முதலாய வகையினர்

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனப் பகுத்துவிட்டு எழுத்திலக்கணத்துக்குப் போய்விட்டார். இவற்றுள் எதற்காவது பென்சில் சீவத் தெரியுமா என்று அவர் சொல்லவில்லை. எண்ணூறு ஆண்டாக யாரும் கேட்கவும் இல்லை. அக்குறையை நிரப்பவே இச்சிறுநூல் எழுந்தது என்க.

நூல் நுவலும் பொருள்: பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துச் சிறாருக்கு ஓவியம் பயிற்றுதல். களம்: கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர், அதன் பெரிய ஏரி, சுற்றியுள்ள மாந்தோப்புகள். கேட்போர்: போச்சம்பள்ளி சிப்காட்டிலோ ஓசூரிலோ ஷிஃப்ட் பார்க்கும் தகப்பன்மாரும், ஒரு கையில் கரண்டியும் மறுகையில் கணக்குப் புத்தகமுமாக நிற்கும் தாய்மாரும். பயன்: பிள்ளை கழுதையைக் கழுதையாக வரைதல். இதற்கு மேற்பட்ட பயனை விரும்புவோர் வேறு நூல் காண்க.

சமண முனிவரான பவணந்தி காட்டிய வழியைக் கிறிஸ்தவ வீட்டுக்குக் கொண்டுவரலாமோ எனின், வரலாம். எருசலேம் ஆலயத்தின் வெண்கல வேலைக்குச் சாலொமோன் தீருவிலிருந்து ஈராமை வரவழைத்தான். கைத்திறன் எங்கே இருக்கிறதோ அங்கே ஆளனுப்புவது ராஜாவுக்கே வழக்கம். 1730-இல் தொன்னூல் விளக்கம் செய்த வீரமாமுனிவரும் நன்னூலைப் பெரிதும் ஒட்டித்தான் போனார். அன்றியும் நன்னூலை எழுதுவித்த சீயகங்கன் குவளாலபுரத்துக் கங்கர் வழியினன். குவளாலபுரம் இன்றைய கோலார். அதற்கும் நமக்கும் இடையே இருப்பது ஒரு மாநில எல்லையும் ஒரு சுங்கச்சாவடியும்தான்.

இனி எதிர்வாதம். வரைவதே பாவம் என்பார் சிலர் உளர். அவர் காட்டுவது யாத்திராகமம் இருபதாம் அதிகாரம்: மேலே வானத்திலும் கீழே பூமியிலும் உள்ளவற்றின் உருவத்தைச் செய்யாதிருக்கும் கட்டளை. அவர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவது வழக்கம். பதினோரு அதிகாரம் தள்ளிப் போனால் பெசலெயேல் நிற்கிறான். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவனாக அங்கே சொல்லப்படும் அவன் பொன்னிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்யத் தெரிந்த ஆசாரி. கேருபீன்களும் வாதுமைப் பூவும் அவன் காலத்து வேலைகளே. மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் கட்டளைப்படி செய்யப்பட்டது. பிற்காலத்தில் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டியபோது எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். ஆகவே குற்றம் செய்ததில் இல்லை, கும்பிட்டதில் இருக்கிறது. பிள்ளை வரைந்த எருமைக்கு இதுவரை யாரும் தூபம் காட்டியதாகத் தெரியவில்லை.

இதில் ஒரு கிளைச்சிக்கல் உண்டு. ஆசாரியனுடைய அங்கியின் ஓரத்தில் இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு ஆகிய நூல்களால் மாதுளம்பழங்களைச் செய்யச் சொல்லியிருக்கிறது. மாதுளை சிவக்கும், நீலமாகாதே எனின், ஆம். பிரான்சிஸ் ஷேஃபர் 1973-இல் எழுதிய கலையும் வேதமும் பற்றிய சிறுநூலில் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்: உள்ளதை உள்ளபடியே படியெடுக்கும் கட்டாயம் அங்கு இல்லை. எனவே மாம்பழத்துக்கு நீலம் அடிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேத ஆதாரம் உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் உண்டு, ஆனால் அவன் முதலில் மஞ்சள் மாம்பழம் ஒன்றை ஒழுங்காக வரைந்து காட்ட வேண்டும்.

மாணாக்கர் வகைக்கு வருவோம். இவருள் பெருந்தொகையினர் முக்கோண மலையர். தாளைக் கொடுத்ததும் இவர் இரண்டு முக்கோணம் போடுவார். நடுவில் பாதிச் சூரியன், அதன் கதிர்கள் ஸ்கேல் வைத்து. கீழே வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் ஆங்கில எழுத்து 'வி' போலப் பறவைகள். இந்த நிலக்காட்சி நாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனவர் எவரும் திரும்பியதில்லை. பாரூர்ப் பிள்ளை வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிவது வேறு: மொட்டைப் பாறை, அதன் தோளில் எப்போது உருளுமோ என்று நிற்கும் உருண்டைப் பாறை, பாதி அறுத்தெடுத்த கிரானைட் குவாரியின் நேர்க்கோட்டு வெட்டு. கிருஷ்ணகிரிச் சீமை மலைகளில் முக்கோணம் அரிது. ஆனாலும் அவன் கை முக்கோணமே போடும், ஏனென்றால் அவன் மலையைப் பார்த்து வரையவில்லை, முன்னே வரைந்த மலையைப் பார்த்து வரைகிறான். முன்னே வரைந்தவனும் அப்படியே.

முக்கோண மலையரின் ஞாயிற்றுக்கிழமைக் கிளையார் செம்மறிக் கம்பளியர். சண்டே ஸ்கூலிலும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் வண்ணம் தீட்டக் கொடுக்கும் ஜெராக்ஸ் தாளில் இவர் பிறக்கிறார். நல்ல மேய்ப்பன் படத்தில் ஆடு என்றால் நான்கு குச்சிகளின் மேல் ஒரு மேகம். அந்த மேகம் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ யாரோ ஒருவர் தம் ஊர்க் கம்பளி ஆட்டைப் பார்த்து வரைந்தது. அவரளவில் அது நேர்மையான ஓவியம். சேலம், தருமபுரிப் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்கோ கம்பளியே கிடையாது. குட்டை முடி, இளம்பழுப்பு உடம்பு, பல ஆட்டுக்குக் கொம்பும் இல்லை. சரி, பாலஸ்தீனத்து ஆட்டையாவது வரைந்தார்களா எனின், அதுவும் இல்லை. அங்கே மேயும் அவாசி ஆட்டுக்குத் தலை பழுப்பு, வால் கொழுப்பேறிய தட்டை. பாரூர்ப் பிள்ளை வரையும் ஆடு பாரூரிலும் மேயாதது, பெத்லகேமிலும் மேயாதது. ஆதியாகமத்தில் மிருகங்களை ஆதாமிடத்தில் கொண்டுவந்து, என்ன பேரிடுவான் என்று பார்த்ததாக வருகிறது. பேரிடுவதற்கு முன்னே அவன் ஒவ்வொன்றையும் பார்த்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் தாளை வைத்துப் பேரிட்டிருந்தால் ஆடும் மேகமும் ஒரே பெயரோடு போயிருக்கும்.

பார்க்காமல் வரைந்தவரில் பேர்பெற்றோரும் உளர் என்று ஆட்சேபிக்கலாம். ஆல்பிரெக்ட் டியூரர் 1515-இல் மரவெட்டாகச் செய்த காண்டாமிருகப் படம் அப்படிப்பட்டது. லிஸ்பனுக்கு இந்தியாவிலிருந்து போன விலங்கை அவர் கண்டதில்லை. யாரோ எழுதிய கடிதத்தையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்துக் கவசம் போட்டு, முதுகில் இல்லாத ஒரு சிறு கொம்பையும் முளைக்கவிட்டார். அதை ஐரோப்பா நெடுங்காலம் நம்பியது. டியூரர் அளவுக்குக் கை வந்தபின் பிள்ளைக்கும் அந்தச் சலுகை தரப்படும்.

ஏனையோரைச் சுருங்கச் சொல்வோம். மூலையர் பெரிய தாளின் ஓரத்தில் எறும்பளவு வரைந்து மீதியைக் கர்த்தருக்கு விட்டுவிடுவார். படியர் கண்ணாடி ஜன்னலில் தாளை ஒட்டி வெயிலை வேலை வாங்குவார், இப்போது கைப்பேசித் திரையின் மேல். ஆமென் வகையினர் எதைக் கொடுத்தாலும் குன்றின் மேல் சிலுவை போட்டுக் கதிர்கள் இழுப்பார்; அதைக் குறை சொன்னால் ஆசிரியர் விசுவாசத்தில் குறைவுள்ளவர் ஆகிவிடுவார் என்பது அவர் கணக்கு. பக்தியான பொருள் கோணல் கோட்டை நிமிர்த்தாது என்பதை இவர்க்கு மெதுவாகச் சொல்ல வேண்டும். அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் நல்லது.

அழிப்பர் என்போரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். இவர் ஒரு கோடு போட்டு இரண்டு கோட்டை அழிப்பவர். தாள் கிழியும்வரை வேலை நடக்கும். வீட்டில் பாவம், மன்னிப்பு என்ற சொற்கள் அதிகம் புழங்குவதால் தப்பான கோடு இவருக்கு ஒரு மீறுதலாகவே படுகிறது என்பது நம் துணிபு. இவர்க்கு மருந்து, அழிப்பானை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடச் சொல்வது. மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளுக்குள் வெள்ளை நிறத்தால் மனிதரையும் விலங்கேறியவரையும் வரைந்தவர்களிடம் அழிப்பான் இருந்திருக்காது. இன்னொரு மருந்து ஓவிய ஆசிரியர் நிக்கோலைடீஸ் சொன்னது. அவர் இறந்தபின் 1941-இல் வந்த ஓவியப் பயிற்சி நூலில், தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பிலேயே கண்ணை மெல்ல நகர்த்தி, கண்ணோடு கையையும் நகர்த்தச் சொல்கிறார். வரும் படம் பேய் மாதிரி இருக்கும். ஆனால் பார்க்காத கோட்டை அழிக்க ஒருவனுக்கும் மனம் வராது.

பெற்றோரே ஆசிரியராதலின் அவர் வகையும் இங்கே ஆராயத்தக்கது. நன்னூலார் ஆசிரியர் ஆகாதார்க்குச் சொன்ன கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு நான்கும் பாரூர் வீடுகளுக்கும் பொருந்தும். எனினும் அவர் காணாத மூன்றைச் சேர்க்கிறோம். தோளுக்கு மேலிருந்து பார்ப்பவர் ஒருவர். "இங்க கொடு கண்ணு" என்று பென்சிலை வாங்கி மூக்கைத் திருத்திக் கொடுப்பவர் ஒருவர். இவர் வீட்டில் எல்லாப் படங்களுக்கும் ஒரே மூக்கு. "இதுக்கு மார்க் உண்டா சார்?" என்பவர் மூன்றாமவர். உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்கு ஓவியம் ஒரு பாடம், எண் 225. பன்னிரண்டாம் வகுப்புக்கு 332. இதைச் சொன்னதும் அவர் முகம் தெளியும், பிள்ளையின் முகம் வாடும்.

வீட்டுப் பள்ளியின் உண்மையான லாபம் மதிப்பெண்ணில் இல்லை, பொழுதில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு ஓவியம் வாரம் ஒரு பீரியட், அதையும் கணக்கு சார் கடன் வாங்கிக்கொள்வார். வீட்டுப் பிள்ளை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஏரிக்கரையில் உட்காரலாம். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வந்து நிறைந்த ஏரியில் கண்மட்டம் எதுவென்று கற்பிக்கப் படம் வேண்டாம்: கரையில் நின்றால் எதிர்க்கரை ஓரிடத்தில், உட்கார்ந்தால் வேறிடத்தில். ஆல்பெர்ட்டி 1435-இல் ஓவியம் பற்றி எழுதி விளக்கியதைப் பிள்ளை எழுந்தும் உட்கார்ந்தும் படித்துவிடுகிறான். தோப்பில் ஒரே பெங்களூரா மாங்கிளையை ஜனவரியில் பூவாகவும், மார்ச்சில் வடுவாகவும், ஜூனில் மூக்கு வளைந்த காயாகவும் வரையலாம். மார்ச்சில் மற்ற பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்து, ஒன்பது, பதின்மூன்று வயதில் மூன்று பேர் ஒரே மேசையில் உட்காரும் சிக்கலும் இங்கேதான் தீர்கிறது. மூவருக்கும் ஒரே காய். சின்னவள் நிறம், நடுவிலவன் விளிம்பு, பெரியவன் நிழல். ரஸ்கின் 1857-இல் வெளியிட்ட ஓவியப் பாடநூலில் ஒரு கல்லை எடுத்துவைத்து அதன் உருட்சியை வரையச் சொல்கிறார். கல்லை வரைய வந்தால் மற்றதும் வரும் என்பது அவர் எண்ணம். கல்லுக்குக் கிருஷ்ணகிரியில் பஞ்சம் இல்லை.

இயேசுவை எப்படி வரைவது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். பிள்ளை சுவர்க் காலண்டரைக் காட்டும். அந்தத் தேன்நிற முடி முகத்தின் மூலம் பெரும்பாலும் வார்னர் சால்மன் 1940-இல் சிகாகோவில் வரைந்தது. லூத்தர் 1529-இல் தம் சிறு ஜெபநூலில் பிள்ளைகளுக்காகவும் எளியவர்களுக்காகவும் மரவெட்டுப் படங்களைச் சேர்த்தார். அவற்றில் வரும் யூதேயா முழுக்க ஜெர்மனி. ஒவ்வொருவரும் தம் தெருவில் கண்டதையே போட்டார்கள். இங்கே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சிற்பி தனபாலும் கிறிஸ்துவை எடுத்துக்கொண்டார்கள். சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த அல்போன்சோ அருள்தாஸ் ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்தார். எல்லைக்கு அப்பால், பெங்களூருக்கு அருகே சில்வேபுராவில் ஜோதி சாஹி ஓர் ஆசிரமமே வைத்தார். இவர்களைப் பிள்ளைக்குக் காட்டலாம். ஆனால் முகத்துக்கு அவசரமில்லை. சந்தைக்குப் போகும் ஆளின் தோள் சுமையில் எப்படிச் சாய்கிறது என்று முதலில் வரையட்டும். சிலுவை சுமப்பவரின் தோள் அதிலிருந்துதான் வரும்.

இறுதியாக, வகைக்குள் அடங்காதவன் ஒருவன். நோவாவின் பேழையை வரையச் சொன்னால் எல்லாரும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை ஜன்னல் வழியே நீட்டுவார்கள். இவன் பேழையைத் தாளின் உச்சியில் தீப்பெட்டி அளவுக்குப் போட்டுவிட்டு, கீழே முழுவதும் மீன் வரைந்தான். கேட்டதற்கு, "அதுங்களுக்கு என்ன சார் கவலை? எவ்வளவு தண்ணி!" என்றான். பாரூரில் அரசு மீன் பண்ணையும் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையமும் இருப்பதன் விளைவு இது. வேத அறிவிலும் பிழையில்லை. அழிந்தவை நிலத்தில் மூச்சுவிட்டவை. ஆயினும் மீன்கள் எல்லாம் ஒரே மீனாக இருந்தன, அதை விட முடியாது. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்மட்டத்தில் மேய்வது. ரோகு நடுத்தண்ணீரில் மேயும். மிர்காலுக்கு வாய் கீழே, அது அடிச்சேற்றைக் கிளறுவது. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து வரைந்து வரும்படி சொல்லியிருக்கிறது. கட்லாவை முடித்துவிட்டான். மிர்கால் விலை இறங்கும்போது வாங்கலாம் என்று அவன் அம்மா காத்திருக்கிறார்.