மீசை முளைத்த கதை

கேள்வி: கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கான நிறங்கள் இருக்கும்போது, என் மகன் பழைய வீடியோ கேம் மாதிரி நாலே நிறத்தில் கட்டம் கட்டமாகப் படம் போடுகிறான். இது என்ன வேண்டுதல்?

பதில்: அந்தக் காலத்தில் அது வேண்டுதல் இல்லை, ரேஷன்! 1980களில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வீடியோ கேம் கருவியில் மொத்த நிறமே ஐம்பது சொச்சம்தான். ஓடியாடும் உருவத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் அதில் மூன்றுதான் கிடைக்கும். 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டில் மேகத்தையும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்! வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். மச்சம் ஒட்டி இரட்டை வேடம் போடும் நம்மூர் சினிமா தோற்றது.

அந்த விளையாட்டின் நாயகன் மரியோவுக்கு மீசை முளைத்ததும் அழகுக்காக அல்ல. 1981-இல் டாங்கி காங் விளையாட்டுக்காக நிண்டெண்டோவின் வடிவமைப்பாளர் ஷிகெரு மியமோட்டோ அவரை உருவாக்கியபோது, கைவசம் இருந்த சொற்பப் புள்ளிகளில் வாய் வரைய இடமில்லை. பெரிய மூக்கை வைத்து, கீழே மீசையை ஒட்டிவிட்டார். தலைமுடி வரைவது தொல்லை; தொப்பி போட்டு மூடினார். ஓடும்போது கை வீசுவது தெரிய வேண்டுமே? சட்டைக்கு ஒரு நிறம், தோளில் பட்டி மாட்டிய கால்சட்டைக்கு வேறு நிறம். (உலகப் புகழ்பெற்ற ஒரு முகமே இப்படி இடநெருக்கடியில் பிறந்ததுதான்.)

1985 மரியோவில் முடி, மீசை, கண், சட்டை, ஷூ அத்தனைக்கும் ஒரே பழுப்பு. மிச்சம் சிவப்பு, தோல் நிறம், அவ்வளவுதான். உங்கள் மகன் நாலு எடுக்கிறானா? கொஞ்சம் ஊதாரிதான், கண்டித்து வையுங்கள்.