எலிக்கு ஆடு சாட்சி

கேள்வி: சுண்டெலி ரத்தத்தில் இன்டர்லூகின்-6 இருக்கிறதா என்று பார்க்க ஆட்டின் ஆன்டிபாடி எதற்கு? எலியிடமே எடுக்கக் கூடாதா?

பதில்: தன் சொந்தப் புரதத்தை எலியின் உடம்பு எதிரியாக நினைக்காது. ஆட்டுக்கோ அது அந்நியச் சரக்கு. ஊசி போட்டால் ஆன்டிபாடிகள் வரிந்துகட்டிக்கொண்டு வரும். ரத்தமும் தாராளம். அதில் கிடைக்கும் பாலிகுளோனல் கலவை புரதத்தைப் பல இடங்களில் கவ்வும். ஒரு முனை சிதைந்திருந்தாலும் இன்னொன்றில் மாட்டிவிடும். அப்படி மாட்டினால் எலைசா சோதனைத் தட்டில் நீலம் ஏறும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு இன்டர்லூகின்-6.

ஒரே தொல்லை, ஆடு மாறினால் சரக்கும் மாறும். புதுக் குப்பியைப் பழையதோடு ஒப்பிட்ட பிறகே நம்புங்கள். இந்தத் தொல்லை இல்லாத மோனோகுளோனல் ஆன்டிபாடிக்கு 1975இல் வழிகண்ட கோலருக்கும் மில்ஸ்டைனுக்கும் 1984இல் நோபல் கிடைத்தது. ஆட்டுக்கு இதுவரை இல்லை.