பாவ்லோ ஃப்ரெய்ரேயும் புதுக்கோட்டை சைக்கிளும்

கேள்வி: பி.எட். பாடத்தில் 'வங்கிமுறைக் கல்வி', 'விமர்சன விழிப்புணர்வு' என்றெல்லாம் வருகிறது. மனப்பாடம் செய்தும் மண்டையில் ஏறவில்லை. எளிதாகச் சொல்ல முடியுமா? (ஆலங்குடி மாணவி)

பதில்: மனப்பாடம் செய்தீர்கள் அல்லவா, அதுதான் வங்கிமுறைக் கல்வி! ஆசிரியர் டெபாசிட் போடுவார். மாணவர் தேர்வன்று அப்படியே எடுத்துக் கொடுப்பார். பெயர் வைத்தவர் பிரேசில் நாட்டு பாவ்லோ ஃப்ரெய்ரே. 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவித்தவர். அவரது வகுப்புகள் தொழிலாளர் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கின. சொல்லைப் படிப்பதோடு, அதைச் சுற்றியுள்ள உழைப்பையும் கூலியையும் பற்றிப் பேசுவார்கள். 'ஏன் இப்படி?' என்று கேட்கத் தொடங்குவதே விமர்சன விழிப்புணர்வு.

ஃப்ரெய்ரேயின் இன்னொரு சொல்லான 'பிராக்சிஸ்' புரிய பிரேசில் வரை போக வேண்டாம். உங்கள் மாவட்டமே போதும்.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்கள் உண்டு; பெடல் நிற்கவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பலர் ஜென்ட்ஸ் சைக்கிளே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! தண்ணீர்க் குடத்துக்கும் சந்தைக்கும் கணவரையோ அண்ணனையோ எதிர்பார்த்திருந்த நிலை மாறியது. கல்குவாரிப் பெண்களும் ஓட்டினார்கள். இப்படிச் சிந்தித்ததைச் செய்து, செய்ததை மீண்டும் சிந்திப்பதைத்தான் ஃப்ரெய்ரே 'பிராக்சிஸ்' என்றார்.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், ஃப்ரெய்ரேக்கு அடுத்த வரியிலேயே புதுக்கோட்டையையும் எழுதுங்கள்.