முடிக்கு அளவு உண்டு, கயித்துக்குக் கிடையாது

வாரும் வாத்தியாரய்யா, உக்காரும். புது ஹெட்மாஸ்டர் வந்திருக்காருன்னு சொன்னாவ. பயலுவ அடிச்சிக்கிடுதானுவ, ஒழுங்குக்கு என்ன வழின்னு என்கிட்டயா கேக்கீரு? நான் அஞ்சாப்புல பையப் போட்டுட்டு ஆடு பத்தப் போனவன். ஆனா திருநெல்வேலிச் சீமையில வாத்தியாருமாரு எத்தனையோ பேரப் பாத்தாச்சு. வம்பு தும்பு இல்லாம பென்சன் வாங்குத வழி சொல்லுதேன், கேளும்.

மொதல்ல முடி. காதுக்கு மேல ஒரு விரக்கடை கூடினாலும் பயல வெளிய நிறுத்தும். சட்டைய உள்ள விடலன்னா அப்பனக் கூட்டியாரச் சொல்லும். ஆனா தலையப் பாத்த கண்ணு கீழ எறங்கி மணிக்கட்டுக்குப் போயிரப்படாது. அங்க செவப்பு, மஞ்ச, பச்சன்னு ஒரு கயிறு கெடக்கும். கேட்டா சாமிக் கயிறும்பான். சாமிக்கு எப்பலேருந்துடே தெருவுக்கு ஒரு கலருன்னு கேட்டுராதேயும். 2019-லயே இந்தச் சாதிக் கயிறப் பாருங்கன்னு ஒரு சுற்றறிக்கை வந்துது. எனக்குத் தெரியாமப் போயிட்டுன்னு அப்ப இருந்த கல்வி அமைச்சரே சொன்னாரு. கயிறு ஏறின எடத்துலயே உக்காந்துக்கிட்டுது.

ரெண்டாவது, சண்டை. எவன் அப்பன் வேன் நெறைய ஆளோட வருவான்னு பாரும். அவன் மவன் அடிச்சா 'துடிப்பான பய'. கூலிக்காரன் மவன் திருப்பி அடிச்சா 'ரவுடிப்பய'. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17-வது பிரிவு, அடிக்கவும் படாது, மனசு நோவடிக்கவும் படாதுங்குதாம். அதனால பெரம்பத் தொடாதேயும். 'ஒங்க ஆளுவளே இப்படித்தாம்ல'ன்னு ஒரு வார்த்தை போதும், தழும்பு தெரியாது. கக்கூஸ் கழுவ ரெண்டு பய வேணுமா? பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். யாரக் காட்டணும்னு உம்ம விரலுக்கே தெரியும்.

மூணாவது, வராத பயல ஏன் வரலன்னு கேட்டுராதேயும். கேட்டா சொல்லிருவான். நாங்குநேரியில ஒரு பய அப்படித்தான், சாதி வம்புன்னு சொன்னான். 2023 ஆகஸ்டுல, அதுக்காவ அதே பள்ளிக்கூடத்துப் பயலுவ ராத்திரி அவன் வீடு தேடிப் போயி அவன அருவாளால வெட்டுனானுவ. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு.

இதுல எனக்குக் கேலி வரல, வாத்தியாரே. அந்தப் பய மறு வருசம் ப்ளஸ் டூவுல 469 மார்க்கு வாங்கினான். அவன் பாஸாயிட்டான். அவன முன்னாலயே கவனிச்சிருக்க வேண்டியவுக பாஸானாவளா?

அப்புறம் ரிட்டயர்டு நீதிபதி சந்துருவ வச்சு ஒரு குழு போட்டாவ. 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு. கலர்க் கயிறு வேண்டாம், மோதிரம் வேண்டாம், சாதிக் கலரு அடிச்ச சைக்கிள் வேண்டாம், பள்ளிக்கூடப் பேருல சாதி வேண்டாம், பிள்ளையள அகர வரிசையில உக்கார வையுங்கன்னு எழுதியிருக்காரு. பாத்தீரா? ஆனாவுக்குப் பக்கத்துல ஆவன்னா உக்காரணும்னு ஒண்ணாப்புலயே படிச்சதுதான். அத நமக்குச் சொல்ல ஒரு ஹைகோர்ட் ஜட்ஜு வேண்டியிருக்கு.

என்ன எந்திரிச்சிட்டீரு? நாளைக்கே எல்லாக் கயிறையும் அறுக்கீரா? நல்லது, இந்தாரும் கத்திரிக்கோலு. ஆனா ஒரே நாளுல, எல்லாக் கலரையும் அறுக்கணும். பெரிய வீட்டுப் பயலுக்கு மட்டும் 'கோயில் கொடை முடியட்டும்'னு தவணை குடுத்தீரு, அன்னைக்கே உம்ம சட்டம் அந்தக் கையில இன்னொரு கயிறு ஆயிரும்.

எட்டாப்புல என் பேரன் இருக்கான், அவன்கிட்ட ஆரம்பியும். அழுவான், அழட்டும். போன கொடைக்கு அந்தக் கயிறக் கட்டு கட்டா வாங்கிட்டு வந்து தெருப் பயலுவளுக்கெல்லாம் கட்டிவிட்டதே நான்தான்.

அவசரப்படாதேயும், இன்னொண்ணு. உம்ம பைக்குல நம்பர் பிளேட்டுக்கு மேல ரெண்டு கலருல ஒரு ஸ்டிக்கரு கண்ணுல பட்டுது. அது கத்திரிக்கோலுக்கு வராது. நகத்தாலதான் சொரண்டணும்.