புக்கிட்டில் உருண்டால் ஃபெயில்

மலேசியாவின் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே நடத்தும் லைசன்ஸ் தேர்வில் ஒருமுறை ஃபெயிலாகி, மறுபடி போகவிருக்கும் அன்பரே, முதலில் என் வாழ்த்தைப் பிடியுங்கள். இந்த நாட்டுச் சாலைச் சட்டம் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் முழுசாகப் பாய்கிற ஒரே பிரஜை நீங்கள்தான்.

நீங்கள் செய்த குற்றம் என்ன? சர்க்கியூட்டில், அதாவது தேர்வுத் திடலில், புக்கிட் என்கிற மேட்டில் ஏறினீர்கள். மஞ்சள் கோட்டில் நிறுத்தினீர்கள். கிளட்சை விடும்போது இடது கால் தந்தி அடித்தது. கார் ஒரு சாண் பின்னால் உருண்டது. தீர்ந்தது கதை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மேட்டில் பின்னால் உருளும் கார், பின்னால் நிற்கிற மோட்டார்காரனை இடித்துத் தள்ளும். விதி நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயம் சர்க்கியூட்டின் வேலிக்குள்ளேயே குடியிருக்கிறது, ஒருநாளும் வாசலைத் தாண்டி வருவதில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மறுதேர்வுக்கு எப்படித் தயாராவது? நம்முடைய பல டிரைவிங் ஸ்கூல்களில் கார் ஓட்டக் கற்றுத்தருவதில்லை, கம்பம் பார்க்கக் கற்றுத்தருகிறார்கள். பின் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கம்பம் அதற்கு நேராக வந்ததும் ஸ்டேரிங்கை முழுக்க ஒடிக்க வேண்டும். அடுத்த கம்பம் தெரிந்ததும் திருப்பி ஒடிக்க வேண்டும். சைட் பார்க்கிங் என்பது இவ்வளவுதான். அடுத்து சாலையில் ஓட்டிக்காட்டும் பகுதி. 20-க்கு 16 எடுத்தால் பாஸ். பாதை முன்பே தெரிந்தது. எந்தச் சந்தியில் எந்தப் பக்கம் தலையைத் திருப்புவது என்பதுவரை மனப்பாடம். தலை திரும்பியதா என்பதற்குத்தான் மதிப்பெண், அந்தத் தலை எதையாவது பார்த்ததா என்பது யாருக்கும் கவலையில்லை. இப்படித் தேறியவரைக் காலை ஏழரை மணிக்குக் கிள்ளான் ஜாலான் காப்பாரில் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி. நடுவில் ஸ்டிக்கரைத் தேடிக்கொண்டிருப்பார்.

உண்டாங் என்கிற சாலைச் சட்டத் தேர்வை முன்பே முடித்திருப்பீர்கள். கணினி முன்னால் 50 கேள்விகள், அதில் 42 சரியாக வேண்டும். தமிழிலும் எழுதலாம். நிறக்குருடு சோதனை ஒன்றும் உண்டு. மிக அவசியமான சோதனை அது. விளக்கில் சிவப்பும் பச்சையும் தெரிவதற்காகச் சொல்லவில்லை. ஐம்பது வெள்ளி நோட்டு பச்சை, நூறு வெள்ளி நோட்டு ஊதா என்று பார்த்தவுடன் சொல்லத் தெரியாதவர் இங்கே வண்டி ஓட்டிப் பிழைக்க முடியாது.

ஊதா என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டோம். ஃபெயிலான அன்று காரைவிட்டு இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவர் பக்கத்தில் வந்து பரிவோடு பேசும் ஒரு குரல் உண்டு. "அக்கா, டென்ஷன் ஆவாதீங்க. அடுத்த வாட்டி சொல்லி வச்சிறலாம். கொஞ்சம் கோப்பி காசு மட்டும் பாத்துக்குங்க. எல்லாரும் செய்றதுதானே லா." யாரிடம் சொல்லிவைப்பது, கோப்பியை யார் குடிப்பது என்று குரலும் சொல்லாது, அக்காவும் கேட்க மாட்டார். இதற்குக் கேரண்டி பாஸ் என்று மரியாதையான பெயர்கூட உண்டு. இன்னும் கொஞ்சம் கை நீளம் உள்ளவர்களுக்கு லெசென் தெர்பாங். வகுப்பு வேண்டாம், தேர்வு வேண்டாம், லைசன்ஸ் தானே பறந்து வரும். எஸ்பிஆர்எம், அதாவது நம் ஊழல் தடுப்பு ஆணையம், அவ்வப்போது சிலரைப் பிடித்து ஆரஞ்சுச் சட்டை மாட்டி நீதிமன்றத்துக்கு நடத்திக்கொண்டு வரும். 2019-இல் பினாங்கில், லாரிக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று ஜேபிஜே அமலாக்க அதிகாரிகளையே டஜன் கணக்கில் கைது செய்தது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அதற்கு மறுநாள் நாம் பக்கத்தைப் புரட்டிவிட்டோம்.

கோப்பிக்கு வாடிக்கையாளர் யார் என்று யோசித்திருக்கிறீர்களா? திமிர் பிடித்தவன் அல்ல. அவன் லைசன்ஸே இல்லாமல் ஓட்டிக்கொண்டு போவான். பயந்தவர்தான் வாடிக்கையாளர். இன்னொரு தேர்வென்றால் இன்னொரு நாள் லீவு, கார் வாடகை, கட்டணம், அதற்குமுன் 'கூடுதல் வகுப்பு'. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு முழு லைசன்ஸ் பேக்கேஜ் அந்த மாதச் சம்பளத்தை ஏறக்குறைய அப்படியே விழுங்கிவிடும். அதை ஒருமுறை விழுங்கக் கொடுத்தவரிடம் இன்னொரு முறை கேட்டால் கை நடுங்காமல் என்ன செய்யும்? அந்த நடுக்கம்தான் சரக்கு. ஒழுங்காகக் கற்றுக்கொடுத்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். கற்றுக்கொடுக்காமல் இருப்பதே இங்கே முதலீடு.

பஸ்ஸில், ரயிலில் போய்விட்டுப் போகலாமே என்று கேட்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். கிள்ளானுக்கு எல்ஆர்டி3 ரயிலை 2020-இல் ஓட்டிக்காட்டுவதாகச் சொன்னார்கள். 2018-இல் ஆட்சி மாறியதும் 31.65 பில்லியன் வெள்ளிச் செலவை 16.63 பில்லியனாக வெட்டினார்கள். ஐந்து நிலையங்கள் போயின. 2023-இல், இல்லை இல்லை, அந்த ஐந்தும் வேண்டும் என்று திரும்பச் சேர்த்தார்கள். கெடு தள்ளித் தள்ளிப் போயிற்று. பாருங்கள், ரயில் திட்டம் எத்தனை முறை பின்னால் உருண்டாலும் ஃபெயில் கிடையாது. கோடு போட அங்கே அதிகாரியும் கிடையாது.

சரி, எப்படியோ லைசன்ஸ் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2025 வரை அந்த நொடியிலிருந்து அரசு உங்களை மாப்பிள்ளை போல நடத்தி வந்தது. வேகம் மீறலாம். கண்ட இடத்தில் நிறுத்தலாம். சம்மன் வந்தால் கட்டாமல் இருக்கலாம். பொறுத்தார் பூமி ஆள்வார். 2021 டிசம்பரில் கேஎல்சிசியில் அன்றைய அரசின் நூறு நாள் விழா, சம்மனுக்கு 80 விழுக்காடு கழிவு. 2023 டிசம்பரில் புக்கிட் ஜாலிலில் மடானி அரசின் ஓராண்டு விழா, 50 விழுக்காடு. தீபாவளிக்கு முந்திய வாரம் ஜாலான் தெங்கு கிளானாவில் சேலைக்குக்கூட அவ்வளவு கழிவு கிடைக்காது. கடுமையான சில குற்றங்களுக்குக் கழிவில்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பிரதமர்கள் மாறினார்கள், கூட்டணிகள் உடைந்து ஒட்டின. குற்றத்தை மலிவு விலைக்கு விற்கிற கொள்கையில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. சம்மன் வந்த வாரமே போய் முழுத் தொகையைக் கட்டியவன் கழிவுக்கு வரிசையில் நின்றவர்களின் சிரிப்புக்கு ஆளானான். மறுதேர்வுக் கட்டணத்துக்கு எந்த அமைச்சராவது எந்த விழாவிலாவது கழிவு அறிவித்தாரா? என் காதில் விழவில்லை.

2025 ஜூன் 9-ஆம் தேதி கெரிக் அருகே ஒரு பஸ் கவிழ்ந்தது. யுபிஎஸ்ஐ பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அந்த ஓட்டுநர் பெயரில் ஏற்கெனவே 18 சம்மன்கள் இருந்தன என்று போலீஸ் பிறகு சொன்னது. பெரும்பாலும் வேகத்துக்காக. பதினெட்டு! உங்களை வீட்டுக்கு அனுப்ப ஒரு சாண் போதுமாயிருந்தது. 2013-இல் கெந்திங் மலைப்பாதையில் பஸ் விழுந்து 37 பேர் செத்தபோதும் இனி விடமாட்டோம் என்றார்கள். 2023-இல் மட்டும் இந்த நாட்டுச் சாலைகளில் 6,443 பேர் உயிரைவிட்டார்கள். பெரும்பாலோர் மோட்டாரில் போனவர்கள். இவர்களில் எத்தனை பேரை மேட்டில் கால் நடுங்கியவர்கள் கொன்றிருப்பார்கள்? நடுங்காதவர்கள்தான் கொல்கிறார்கள். நம் தேர்வு அவர்களைக் கண்டுபிடிப்பதே இல்லை. அவர்கள்தான் முதல் முறையிலேயே பாஸாகிவிடுகிறார்களே.

அரசை மட்டும் திட்டிவிட்டுப் போவது எனக்கும் சுகம்தான். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மதியம் நடந்து பாருங்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் காலால் தடவி நடப்பதற்காக நடைபாதையில் மஞ்சளாகப் புடைத்த கற்கள் பதித்திருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்த மஞ்சளின்மேல் ஒரு கார் ஏறி நிற்கும். வெள்ளைக் கோலோடு வருகிறவர் பம்பரைத் தட்டிப் பார்த்து, சாலையில் இறங்கிச் சுற்றிப் போவார். காரின் சொந்தக்காரர் எதிர்க் கடையில் வாழையிலை முன்னால் உட்கார்ந்து இன்னொரு கரண்டி ரசம் கேட்டுக்கொண்டிருப்பார். நம்மவர்தான். நிறக்குருடு சோதனையில் தேறியவர். சர்க்கியூட்டில் மஞ்சள் கோடு தப்பாமல் நிறுத்தியவர், அல்லது நிறுத்தியதாக யாருக்கோ கோப்பி வாங்கிக் கொடுத்தவர்.

எனவே மறுதேர்வுக்குப் போகிறவரே, கால் நடுங்கினால் நடுங்கட்டும். ஓடுகிற காரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று உங்கள் காலுக்காவது தெரிந்திருக்கிறது. அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண்ணாடியைப் பார்த்து நிறுத்தக் கற்றுக்கொடுங்கள் என்று சண்டை போடுங்கள். அதற்குத்தான் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். கோப்பி காசு என்று யாராவது பரிவோடு வந்தால் ரசீது கேளுங்கள். 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்கியவருக்கும் 20 ஆண்டுவரை சிறை, கொடுத்தவருக்கும் 20 ஆண்டுவரை சிறை. அதற்கு இன்னும் யாரும் கழிவு அறிவிக்கவில்லை. மறுபடி ஃபெயிலானால் மறுபடி போங்கள், ரசீதோடு.