ரோஸ்டர் பொருத்தம்

(தேவதானப்பட்டியில், மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகும் பாதையை ஒட்டி ஒரு மாந்தோப்பு. மரங்கள் இங்கே இருக்கின்றன, பத்திரம் வங்கியில் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் பெரியகுளம் டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கல்யாணத் தரகு பார்ப்பவர். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், கண்டம் தாண்டும் பெரிய விமானத்தில் கேப்டனுக்கு வலப்பக்கம் உட்காரும் இளம் பைலட். வேலை டெல்லியில். இரண்டு பேரும் கற்பனை. இவர்கள் வாயில் வரும் சட்டமும் தேதியும் அபராதமும் மட்டும் நிஜம்.)

தரகர்: வா மாப்ள. பொண்ணு வீடு உத்தமபாளையம். வயக்காடு இருக்கு, நல்ல சனம். பைலட்டுன்னதும் பொண்ணோட அப்பா எந்திரிச்சு நின்னுட்டாரு. இன்னும் உக்காரலைன்னு கேள்வி. நாலு விவரம் சொல்லு, முடிச்சிருவோம். மொதல்ல சம்பளம் எம்புட்டு?

பைலட்: எந்த மாசத்துச் சம்பளம் மாமா?

தரகர்: என்னய்யா இது, மாசத்துக்கு ஒரு சம்பளமா?

பைலட்: மாசம் இத்தனை மணி நேரம்னு கம்பெனி ஒரு உத்தரவாதம் குடுக்கும். அதுக்கு மேல பறந்தா மணிக்கு இவ்வளவுன்னு சேரும். பறக்கலைன்னா உத்தரவாதம் மட்டும்தான்.

தரகர்: அட, பேட்டா! இதைச் சொல்ல எதுக்குய்யா இங்கிலீசு? வசூல் ஏறினா எங்களுக்கும்தான் பேட்டா ஏறும். சரி, அந்த உத்தரவாதம் எத்தனை மணி?

பைலட்: அதுலதான் சண்டையே. விஸ்தாரான்னு ஒரு கம்பெனி இருந்துச்சு. அங்க 70 மணி நேரம். ஏர் இந்தியாவோட சேரப் போறோம், எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம்னு சொல்லி அதை 40 ஆக்கினாங்க. 2024 ஏப்ரல் பிறந்ததும் பைலட்டுகளுக்கு வரிசையா உடம்பு சரியில்லாமப் போச்சு. நூத்துக்கு மேல விமானம் ரத்து. அதிகமா அடிபட்டது என்னை மாதிரி ஃபர்ஸ்ட் ஆபீசருங்கதான். கேப்டன் சம்பளத்துல வெட்டினா சதை போகும். எங்க சம்பளத்துல வெட்ட எலும்புதான் இருக்கு.

தரகர்: 40 மணிக்கு மேல பறந்துட்டா காசு வந்துட்டுப் போகுது.

பைலட்: எப்பப் பறக்கணும்னு நானா முடிவு பண்றேன்? ரோஸ்டர் போடறவர் முடிவு பண்ணணும்.

தரகர்: எங்க டிப்போவுல டூட்டி போடறவருக்கு அல்போன்சா சீசன்ல ஒரு பெட்டி வைப்போம். நீயும் காசாலட்டோ கல்லாமையோ கொண்டு போய் வையேன்.

பைலட்: ரோஸ்டர் போடறது கம்ப்யூட்டர் மாமா. அது மாங்காய் திங்காது.

தரகர்: (நிஜமாகவே வருத்தப்பட்டு) அப்ப அதுகிட்ட நியாயத்தை எதிர்பாக்க முடியாது. சரி, கடன் எம்புட்டு?

பைலட்: படிப்புக்கும் பறக்குற பயிற்சிக்கும், அப்புறம் குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தனியா வாங்குற தகுதிக்கும் சேத்து ஒரு கோடி. லைசென்ஸ் கைக்கு வரவே 200 மணி நேரம் பறந்து காட்டணும். அதுக்கான பெட்ரோல் அப்பாவோட தோப்பு.

(கண்டக்டர் மனக்கணக்குக்குப் பேனா தேவையில்லை.)

தரகர்: 11 வட்டி, பத்து வருசம்னு வச்சுக்க. மாசம் 1,37,750 ரூவா வருது. கட்டி முடிக்கையில 1 கோடியே 65 லட்சம் ஆகிப்போகும். மாப்ள, நீ வானத்துல ஓட்டறது பிளேன் இல்ல, பேங்கு.

பைலட்: இதை உத்தமபாளையத்துல சொல்லிராதீங்க.

தரகர்: நான் ஏன் சொல்றேன்? ‘வங்கியோடு நெருங்கிய தொடர்பு’ன்னு சொல்லுவேன். அடுத்தது பொருத்தம். பத்துல ஒம்பது பொருந்துது. தினப் பொருத்தந்தான் இடிக்குது. வீட்ல எந்தெந்த நாள் இருப்ப?

பைலட்: ரோஸ்டர் வந்தாத் தெரியும்.

தரகர்: ஞாயித்துக்கிழமை?

பைலட்: எங்களுக்குக் கிழமை கிடையாது. வாரத்துக்கு ஒருக்கா 48 மணி நேரம் ஓய்வு. அந்த 48 எந்தக் கிழமையில விழும்னு கம்பெனி சொல்லும். டெல்லியில இருந்து மெட்ராஸ், அங்க இருந்து மதுரை, ஆரப்பாளையத்துல பெரியகுளம் பஸ் பிடிச்சு வத்தலக்குண்டு வழியா வந்து சேர்றதுக்குள்ள அதுல கால்வாசி போயிரும். திரும்பிப் போக இன்னொரு கால்வாசி. மிச்சத்துல உறங்கணும். போன பொங்கலை 19ஆம் தேதி வச்சோம். சூரியன் ஒண்ணும் ஆட்சேபிக்கலை.

தரகர்: மாசி சிவராத்திரிக்காவது வருவியா? நம்ம அம்மனுக்கு எட்டு நாள் திருவிழா.

பைலட்: லீவு கேட்டிருக்கேன். சீனியாரிட்டி வரிசையில நான் கடைசி. தீபாவளிக்கு டெல்லியில இருக்கணும்னு ஆசைப்படற கேப்டன் எல்லாருக்கும் கிடைச்ச பிறகு, மிச்சம் ஏதாவது அமாவாசை இருந்தா எனக்கு.

தரகர்: அதை விடு. அங்கிட்டு அமெரிக்காவுல பெரிய ஓட்டல்ல தங்குறியாமே. உங்கம்மா ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியுது.

பைலட்: தங்குறேன். சான் பிரான்சிஸ்கோ போய் இறங்க 15 மணி நேரத்துக்கு மேல. இங்க ராத்திரின்னா அங்க பகல். ஏழு நேர மண்டலத்துக்கு மேல தாண்டினா ஊர் திரும்பினதும் 36 மணி நேரம் ஓய்வு தரணும்னு சட்டம். ஓட்டல்ல திரைச்சீலையை இழுத்து விட்டுட்டுப் படுத்தா உடம்பு தேவதானப்பட்டி கணக்குல காப்பி கேக்கும். மூணு மணிக்கு முழிப்பு வரும். அது மத்தியானம் மூணா, ராத்திரி மூணான்னு செல்போனைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

தரகர்: மாப்ள, நைட் ஹால்ட் வண்டின்னு கேட்டிருக்கியா? கடைசி டிரிப்பை மலையடிவாரத்துக் கிராமத்துல கொண்டு போய் நிப்பாட்டி, விடியக்காலம் முதல் டிரிப் எடுக்கணும். டிரைவர் பின்சீட்டு, நான் மூணு பேர் சீட்டு. தலைக்கு வசூல் பை. கொசு மட்டும் டிக்கெட் எடுக்காது. அதுக்கு மேல ஆள் வரலைன்னா மறுநாளும் ஏத்திவிட்டு டபுள் டூட்டிம்பான். இதுல ஓய்வுபெற்றவனுக்கு அகவிலைப்படி குடுன்னு 2024 ஜனவரியில பொங்கல் நேரத்துல ஸ்ட்ரைக் பண்ணித்தான் கேக்க வேண்டியிருந்துச்சு. நீ ஏசி ரூம்ல உறக்கம் வரலைங்கற!

பைலட்: நான் ஒசத்தின்னு சொல்லலை மாமா. உறங்காத ஆளு பஸ்ஸை எடுத்தாலும் ஆபத்து, பிளேனை எடுத்தாலும் ஆபத்துங்கறேன்.

தரகர்: அது வாஸ்தவம். (கொஞ்சம் இறங்கி) பிளேன்லயே உறங்கவும் இடம் இருக்காமே?

பைலட்: தூர வண்டியில நாலு பேர் போவோம். ரெண்டு பேர் ஓட்ட, ரெண்டு பேர் மேலே பொந்து மாதிரி ஒரு அறையில படுக்கணும். முறை வச்சுப் படுக்குறதுல எப்ப உறக்கம் வருதோ அப்ப என் முறை இருக்காது. இதுல இன்னொரு வேடிக்கை: நாலு பேர்ல ஒருத்தர்தான் இறக்க முடியும். பெரும்பாலும் அது நான் இல்ல.

தரகர்: (அதிர்ந்து) அப்ப உனக்குப் பிளேனை இறக்கத் தெரியாதா?

பைலட்: நல்லாத் தெரியும். வாய்ப்புதான் வராது. 90 நாளைக்குள்ள மூணு தடவையாவது ஏத்தி இறக்கியிருக்கணும். கணக்கு குறைஞ்சா சிமுலேட்டர்ங்கற பொம்மை விமானத்துல போய் ஏத்தி இறக்கிட்டு வரணும்.

தரகர்: ‘மாப்பிள்ளை பிளேன் ஓட்டுவார், இறக்குவது அபூர்வம்’. இதையும் நான் சொல்ல மாட்டேன். ஏய்யா, ஓய்வு தரணும்னு சட்டம் இருக்குங்கற. தராட்டி?

பைலட்: அபராதம். 2024 மார்ச்சுல ஏர் இந்தியாவுக்கு 80 லட்சம் போட்டாங்க. வார ஓய்வு சரியாக் குடுக்கலை, ரொம்ப நீள விமானத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓய்வு போதலைன்னு. 60 வயசு தாண்டின ரெண்டு பேரைச் சேத்து ஓட்ட விட்டதும் அதுல உண்டு. மறுவருசம் மே மாசம் பெங்களூருல இருந்து லண்டன் போன ரெண்டு விமானம் 10 மணி நேர வரம்பைத் தாண்டிருச்சு. ரோஸ்டர் வேலையில இருந்து மூணு அதிகாரிகளை எடுக்கச் சொன்னாங்க.

தரகர்: 80 லட்சம்! உன் கடனை விடக் கம்மி.

(ஓய்வைப் பறித்த கம்பெனிக்கு விழும் அபராதம், ஓய்வு கேட்கிற பையன் படிக்க வாங்கின கடனை எட்டவில்லை. தரகர் இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை.)

பைலட்: பெரிய கூத்து 2025 டிசம்பர்ல நடந்துச்சு. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில புது விதி போட்டுச்சு. வார ஓய்வு 36 மணி நேரமா இருந்ததை 48 ஆக்கினாங்க. ராத்திரின்னா நள்ளிரவுல இருந்து காலை 5 வரைன்னு இருந்ததை 6 ஆக்கினாங்க. ராத்திரி டூட்டியில ஆறு தடவை வரைக்கும் இறக்கலாம்னு இருந்ததை ரெண்டாக் குறைச்சாங்க.

தரகர்: அஞ்சரை மணியும் இருட்டுதான்னு ஒத்துக்க 2024 வரைக்கும் ஆச்சா? எங்க ஊர்ச் சேவல் அப்பவே ஒத்துக்கிச்சேய்யா.

பைலட்: ஒத்துக்கிட்டதை நடைமுறைக்குக் கொண்டு வர பைலட் சங்கங்க டெல்லி உயர் நீதிமன்றத்துல நின்னு, பாதி 2025 ஜூலை 1ல, மீதி நவம்பர் 1ல வந்துச்சு. இண்டிகோ கம்பெனிக்கு வேண்டிய பைலட்டுகளை எடுத்து வைக்க 22 மாசம் இருந்துச்சு. டிசம்பர் மொத வாரம் எல்லாம் கவுந்துச்சு. 5ஆம் தேதி ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல விமானம் ரத்து. ஜனங்க பெட்டியும் கையுமா விமான நிலையத் தரையில படுத்துக் கிடந்தாங்க.

தரகர்: மத்த கம்பெனிக்காரன் டிக்கெட்டை ஏத்தியிருப்பானே?

பைலட்: ஏத்தினான். 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு அரசாங்கம் உச்சவரம்பு போட்டுச்சு.

தரகர்: அப்ப ஸ்டேஜ் கட்டணம் அவங்களுக்கும் உண்டு. சந்தோசம். கம்பெனிக்கு என்ன தண்டனை?

பைலட்: மொதல்ல சலுகை வந்துச்சு. இண்டிகோவோட சின்ன விமானங்களுக்கு அந்த ராத்திரி விதியில 2026 பிப்ரவரி 10 வரைக்கும் விலக்கு குடுத்தாங்க. பத்து சதவீதம் சர்வீஸைக் குறைன்னு கண்டிப்பாச் சொன்னது அதுக்கப்புறம். இதெல்லாம் நான் ஓட்டற பெரிய வண்டிக்குச் சம்பந்தமில்லை. ஆனா எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா இன்னொண்ணு பண்ணாங்க. லீவை வார ஓய்வுக்குப் பதிலாக் கணக்குல வைக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருந்துச்சு. அதே 5ஆம் தேதி அந்த வரியைத் திரும்ப வாங்கிட்டாங்க.

தரகர்: அதாவது... நாளைக்கு நான் மண்டையப் போட்டா நீ லீவு போட்டு வந்து தோள் குடுத்துட்டுப் போவ. போனதும் ‘அதான் ரெண்டு நாள் ஓய்வெடுத்துட்டியே, வண்டியை எடு’ம்பான்.

பைலட்: கிட்டத்தட்ட அதுதான்.

தரகர்: என் சாவு உனக்கு ஓய்வா! (தொண்டையைச் செருமிக்கொண்டு) தப்பு பண்ணினது கம்பெனி. திருந்தினது சட்டம். எங்க டிப்போவுலகூட இப்படி ஒரு மெமோ நான் பாத்ததில்ல.

பைலட்: 2023 ஆகஸ்ட்ல நாக்பூர் விமான நிலையத்துல ஒரு கேப்டன், விமானத்துல ஏறப் போற வாசல்லயே விழுந்து இறந்துட்டார். அதுக்கு முன்னாடி 27 மணி நேரம் ஓய்வு குடுத்திருந்தோம்னு சொன்னாங்க. காகிதத்துல எல்லாம் சரியா இருந்துச்சு.

தரகர்: நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே வண்டியை ஓரங்கட்டிட்டு ஸ்டியரிங்குல சாஞ்ச டிரைவர்களோட சேதியை நானும் படிச்சிருக்கேன். அவங்க டூட்டிச் சீட்டும் சரியாத்தான் இருந்திருக்கும்.

(இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தரகர் என்பதால் அவரே முதலில் மீண்டார்.)

தரகர்: ஒரு யோசனை. பைலட்டாவே ஒரு பொண்ணைப் பாத்தா என்ன? உனக்கு அவ சிரமம் புரியும், அவளுக்கு உன் சிரமம் புரியும்.

பைலட்: பொண்ணுங்க இருக்காங்க. நம்ம நாட்டு பைலட்டுகள்ல கிட்டத்தட்ட 15 சதவீதம் பெண்கள், உலக சராசரியை விட ரொம்ப ஜாஸ்தி. ஆனா ரெண்டு ரோஸ்டர் பொருந்தணுமே மாமா. அவ லண்டன்ல இருந்து இறங்கறப்ப நான் சிகாகோவுக்கு ஏறுவேன். புள்ளை பொறந்தா அதுவும் தனியா ஒரு ரோஸ்டர் கேக்கும்.

தரகர்: அப்ப இந்த வேலையை விட்டுட்டுத் தோப்பைப் பாத்துக்கிட்டு இருந்துரு.

பைலட்: தோப்பு பேங்க்ல இருக்கு. அதுபோக, நினைச்சதும் விட முடியாது. ஃபர்ஸ்ட் ஆபீசர்னா ஆறு மாசம், கேப்டன்னா ஒரு வருசம் முன்னாடி சொல்லணும். 2017ல போட்ட விதி.

தரகர்: வாயில வரக் கூடாத வார்த்தை, ஆனாலும் சொல்றேன். சம்மதிச்சுப் பிரியற புருசன் பொண்டாட்டிக்கும் சட்டம் ஆறு மாசந்தான் கேக்குது. கேப்டனுக்கு அதுல ரெண்டு மடங்கா? கம்பெனி உன்னை வேலைக்கு எடுக்கலை மாப்ள, தாலி கட்டியிருக்கு. (அலைபேசி அடிக்கிறது. எடுத்துப் பேசிவிட்டு, கையால் பொத்திக்கொண்டு) உத்தமபாளையந்தான். பொண்ணோட அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. கவர்மென்ட் வேலையா?

பைலட்: கவர்மென்ட்டுகிட்ட இருந்த ஒரே பெரிய கம்பெனியையும் 2022 ஜனவரி 27ல டாடாகிட்ட ஒப்படைச்சாச்சுன்னு சொல்லுங்க.

(தரகர் அதைச் சொல்லவில்லை. ‘சிக்னல் சரியில்லை’ என்று மட்டும் சொன்னார். பிறகு வீட்டுக்குப் போய், மஞ்சள் தடவிய தாளில் அவர் எழுதிய விளம்பரம் கீழே. அப்படியே வெளியிடச் சொல்லியிருக்கிறார்.)

மணமகள் தேவை. பூர்வீகம் தேவதானப்பட்டி. பைலட். கெட்ட பழக்கம் இல்லை, இருக்கிறதா என்று வேலைக்கு ஏறுமுன் கம்பெனியே ஊதச் சொல்லிப் பார்க்கிறது. சொந்தத் தோப்பு உண்டு, பத்திரம் வங்கியில் பத்திரமாக உள்ளது. சம்பளம் மாதத்தைப் பொறுத்தது. முகூர்த்த நாளை ரோஸ்டர் வந்ததும் தெரிவிப்போம். பெண் வேலைக்குப் போகலாம், தடையில்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருக்க வேண்டுமானால் ஆறு மாத முன்னறிவிப்பு தேவை. கேப்டன் ஆகிவிட்டால் அது ஒரு வருடம் ஆகிவிடும் என்பதால், விருப்பமுள்ள பெண் வீட்டார் உடனே அணுகவும்.